கிராணி ஐயா தோற்றதில்லை

பெரியநாயகம் செஸ்ஸில் தோற்றதே கிடையாது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது சொல்வார், கருமாதி வீட்டில் செருப்பைத் தேடும்போதும் சொல்வார். "கல்மலைத் தோட்டத்துல என்னை ஜெயிச்சவன் எவனும் இல்லே. கேட்டுப் பாருங்க." கேட்டுப் பார்த்தால் எல்லோரும் ஆமாம் என்றுதான் தலையாட்டுவார்கள். வீரம்மாவுக்கு மட்டும் அதைக் கேட்டதும் வாயில் வெற்றிலை இல்லாமலே துப்ப வரும்.

அவர் தோற்காத கதை அவளுக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்தில் அவர் கிராணி, ஆபீஸ் கணக்கர். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் வராந்தாவில் பலகையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். பால் வெட்டிவிட்டு வந்த ஆளில் யாரையாவது கூப்பிடுவார். ஆட்டம் நடக்கும். கிராணியின் குதிரை போகும், கோட்டை போகும், ராணியும் போகும். கடைசியில் ராஜா மட்டும் தனியாக, மழைக்கு ஒதுங்க இடமில்லாத கோழி மாதிரி மூலையில் நிற்கும். அப்போது எதிரில் இருப்பவன் கையைக் கட்டிக்கொண்டு, "போதும்யா. சரிசமம்" என்று சொல்ல வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் திங்கட்கிழமை விடியற்காலை ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டில் யாருக்கு மலைக்காட்டு மரம், யாருக்குச் சமதரை மரம் என்று பேர் வாசிக்கிறவர் கிராணிதான். "போதும்யா" சொல்லாதவன் அந்த வாரம் முழுக்க வாளியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவான்.

எழுபத்தாறில் தோட்டத்தை விற்றார்கள். மரத்தை வெட்டிச் சாய்த்து வீட்டுமனை போட்டார்கள். ஆட்கள் ஈப்போவுக்கு வந்து ஃபேக்டரியிலும் நகராண்மையிலும் பஸ் டிப்போவிலும் ஒட்டிக்கொண்டார்கள். பெரியநாயகமும் ஈப்போவுக்கு வந்தார், இன்சூரன்ஸ் பிடிக்கிறார். பிரித்துக்கொடுக்க அவரிடம் ஒரு மரம்கூடக் கிடையாது. ஆனாலும் 'கல்மலைத் தோட்ட முன்னாள் தொழிலாளர் மன்றம்' என்று ஒன்றை ஆரம்பித்தபோது தலைவர் நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்தார். வருஷா வருஷம் செஸ் போட்டி வைத்தார்கள். வருஷா வருஷம் அவர் சரிசமம் செய்தே கப்பை வாங்கினார்.

அதெப்படி என்றால், மன்றத்தில் ஒரு வழக்கம். ஆட்டம் டிரா ஆனால் போன வருஷக் கப்பு யாரிடம் இருந்ததோ அவருக்கே மரியாதை. கப்பு முதன்முதலில் யாரிடம் இருந்தது? வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது கிராணியிடம் கொடுத்துவிட்டுப் போனது அது. அதனால் கப்பை வாங்க அவரை ஜெயிக்க வேண்டும். அவர் கையை விட்டுப் போகாமல் இருக்கவோ "போதும்யா" போதும். இதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. எதிர்த்து ஆடினவன்தான் கப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவர் காரில் வைக்க வேண்டும்.

"மரத்தையே வெட்டிட்டான். இந்தக் கழுத்துங்க மட்டும் இன்னும் நிமிரலையே" என்பாள் வீரம்மா.

இதைப் பொதுவாகத்தான் சொல்வாள். போன வாரம் முதல் அப்படிச் சொல்ல முடியவில்லை. குனிந்த கழுத்து அவள் வீட்டுக்காரன் மாயாண்டியுடையது.

அரையிறுதியில் மாயாண்டிக்கும் கிராணிக்கும் ஆட்டம். மாயாண்டியிடம் ஒரு கோட்டை, இரண்டு சிப்பாய். கிராணியிடம் ஒன்றுமில்லை. மாயாண்டி நெற்றியைத் துடைத்துக்கொண்டு "போதும்யா" என்றான். கிராணி அவன் தோளைத் தட்டிவிட்டு இறுதிக்குப் போனார். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது.

"என்னங்க போதும்? கோட்டை போதும்னா? சிப்பாய் போதும்னா?"

"விடு, வீரம்மா. வயசான மனுஷன்."

"வயசானா எல்லாருந்தான் தோக்குறாங்க. இப்ப உங்களுக்கு மலைக்காடு குடுத்துருவாரா? நீங்க நகராண்மை லோரி ஓட்டுறீங்க. குப்பையை மலை மேலயா கொட்டச் சொல்லுவாரு?"

"வாய் பழகிப் போச்சு. அந்த மூஞ்சியைப் பார்த்தா தானா வருது."

"அப்ப மூஞ்சியைப் பார்க்காதீங்க. பலகையைப் பாருங்க."

மாயாண்டி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவள் சோற்றுத் தட்டைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

இறுதியில் கிராணிக்கு எதிராக ஆடப்போவது யார் என்றால், வீரம்மாவேதான். அவள் பேர் கொடுத்தபோது மன்றத்தில் சிரித்தார்கள். ஈப்போவுக்கும் தஞ்சோங் ரம்புத்தானுக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவள் அவள். வண்டிக்கு வண்டி இடைவெளியில் டிப்போ டிரைவர்கள் பெஞ்சில் பலகை போடுவார்கள். அங்கே ஆடிப் பழகினாள். அங்கே யாரும் யாருக்கும் போதும் சொன்னதில்லை; தோற்றவன் காப்பி-ஓ வாங்கி வருவான், அவ்வளவுதான். சிரித்தவர்களில் மூன்று பேரை வரிசையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு இறுதிக்கு வந்திருந்தாள்.

கப்பு மேல் அவளுக்கு ஆசை இல்லை. ஆசை லூமுட் மேல். கப்பு வாங்குகிறவர்தான் லூமுட்டில் நடக்கிற மாநிலத் தொழிலாளர் போட்டியில் மன்றத்துக்காக முதல் பலகையில் உட்காருவார். கடற்படை ஆட்கள் வருவார்கள், தைப்பிங்கிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் வருவார்கள். கிராணி வருஷா வருஷம் போய் எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, "காத்து ஒத்துக்கலே" என்பார். தோட்டத்து ஜனங்களின் பேரை ஒரு தடவையாவது நிமிர்த்தி வைத்துவிட்டு வர வேண்டும் என்று அவளுக்கு. அதற்கு இன்றைக்கு ஜெயிக்க வேண்டும். டிரா என்றால் அவளுக்குத் தோல்விதான்.

ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போனவர்களும் சர்ச்சுக்குப் போனவர்களும் முடித்துக்கொண்டு மன்றத்து ஹாலுக்கு வந்துவிட்டார்கள். பெரியநாயகம் சர்ச்சிலிருந்து நேராக, வெள்ளைச் சட்டையும் டையுமாக வந்தார். கையில் ஒரு பெட்டி. திறந்தால், இரண்டு முகம் வைத்த கடிகாரம்.

"கோலாலம்பூர்ல வாங்கினேன். இனிமே எல்லாம் ரூல்படி. இந்தப் பக்கம் என் நேரம், அந்தப் பக்கம் உன் நேரம். ஆடிட்டு இதை அமுக்கணும். முள்ளு மேல வந்தா இந்தச் சின்னச் சிவப்புக் கொடி விழும். விழுந்தா ஆளு அவுட். நம்ம ஆளுங்க ஒரு சிப்பாயை நகர்த்த ஒரு வெத்திலை போட்டு முடிப்பாங்க. இனிமே அது நடக்காது."

கூடவே இங்கிலீஷில் ஒரு விதிப் புத்தகம். அதை நடுவர் லூர்துசாமியிடம் கொடுத்தார். லூர்துசாமி ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார்; சாதுவான மனிதர். கிராணி தும்மினால் இவர் கைக்குட்டையை எடுப்பார்.

"நான் முழுக்கப் படிச்சிட்டேன், லூர்து. நீ சும்மா வச்சிக்கோ."

ஆட்டம் தொடங்கியது. முதல் வரிசை நாற்காலியில் வீரம்மாவின் சிநேகிதி ராக்காயியும், தோட்டத்தில் பால் வெட்டின கிழவர் ஐயாவுவும் உட்கார்ந்திருந்தார்கள். மாயாண்டி சுவரோரமாக நின்றான், உட்கார்ந்தால் யாராவது ஏதாவது கேட்பார்கள் என்பதுபோல.

"பொம்பளைங்க கண்ணு ராணி மேலயே இருக்கும்" என்றார் கிராணி, தன் ராணியை முன்னால் தள்ளி.

"ஆமாங்கய்யா" என்று அதைக் குதிரையால் அடித்து எடுத்து ஓரமாக வைத்தாள் வீரம்மா.

ராக்காயி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயாவு, "பார்த்தியா, கையால தள்ளிக் குடுக்குறாரு. தர்மப் பிரபு" என்றார், தனக்கே காது கேட்காத ஆள் பேசுகிற சத்தத்தில்.

அதற்கப்புறம் கிராணி பலகையை மட்டும் பார்த்தார். வீரம்மா அவசரப்படாமல் ஆடினாள். அவர் காயெல்லாம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. கடைசிச் சிப்பாயும் போனது. பலகையில் அவருக்கு ராஜா மட்டும். அவளுக்கு ராஜா, ராணி, ஒரு கோட்டை. அவர் ராஜாவை ஓரத்துக்குத் தள்ளி ஆயிற்று. இன்னும் ஒரே நகர்த்தல், கோட்டையை இறக்கினால் செக்மேட்.

கிராணி ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தி, கடிகாரத்தை அமுக்கினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கையை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். காத்திருந்தார்.

ஹாலே காத்திருந்தது. எல்லாருக்கும் தெரியும் எந்த வார்த்தை வர வேண்டும் என்று.

கிராணி லேசாக இருமினார். "ம்?"

"என்னங்கய்யா?"

"சொல்லு."

"என்ன சொல்லணும்?"

சுவரோரத்திலிருந்து மாயாண்டி, "வீரம்மா…" என்றான், கெஞ்சுகிற மாதிரி.

அவ்வளவுதான். கோட்டையை நோக்கிப் போன அவள் கை நின்றுவிட்டது. அவள் திரும்பினாள். "நீங்க சும்மா இருங்க. நீங்க போன வாரம் சொன்னது ரெண்டு பேருக்கும் போதும்."

"ஏம்மா, மரியாதை இல்லேன்னாலும் ரூலு இருக்குல்ல?" என்றார் கிராணி. "புத்தகத்துல இருக்கு. ஜெயிக்கக் காய் பத்தலேன்னா ஆட்டம் டிரா. என்கிட்ட ராஜா மட்டுந்தான் இருக்கு. காய் பத்தலே. அப்ப டிரா. லூர்து, சொல்லு."

லூர்துசாமி புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

வீரம்மா நாற்காலியை இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு வந்தது பாருங்கள், பஸ்ஸில் கடைசி சீட்டுக்கும் கேட்கிற குரல். "உங்ககிட்ட காய் இல்லேன்னா டிராவா? என்கிட்டதான் இருக்கேய்யா, கோட்டையும் ராணியும்! ஏங்க, டிக்கெட்டுக்குக் காசு இல்லேன்னு ஒருத்தன் சொன்னா, பஸ்ஸை அவன் பேருக்கு எழுதி வச்சிருவாங்களா?"

ராக்காயி சிரித்தாள். பின்வரிசையிலும் யாரோ சிரித்தார்கள்.

கிராணியின் காது சிவந்தது. "இவளை இவ பஸ்லயே ஏத்தி தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில விட்டுட்டு வாங்க."

"நான் தினம் போயிட்டு வாரேன்லா. அங்க உள்ளவங்க நல்ல மாதிரி. தோத்தா தோத்தேன்னு சொல்றாங்க. நீங்கதான் இத்தனை வருஷமா எல்லாரும் போட்ட பிச்சையை எடுத்து, ஜெயிச்சேன்னு…"

டிக் என்று ஒரு சின்னச் சத்தம்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கடிகாரத்தில் அவள் பக்கத்துச் சிவப்புக் கொடி விழுந்திருந்தது. ஆட வேண்டியது அவள் முறை. அவள் வாய் ஓடின நேரமெல்லாம் அந்த முள்ளும் ஓடியிருக்கிறது. கடிகாரம் வைத்து ஆடினதே இல்லாதவளுக்கு அது நினைவிலேயே இல்லை. கோட்டை அங்கேயே நின்றது, ஒரு விரல் தூரத்தில்.

பெரியநாயகம் எழுந்தே நின்றுவிட்டார். "டைம் ஓவர்! அவுட்! நான் ஜெயிச்சேன்! லூர்து, எழுதிக்கோ. டிரா இல்லே, வெற்றி!"

வீரம்மா கோட்டையையே பார்த்தாள். இத்தனை வருஷம் இந்த ஆள் சரிசமம்தான் செய்திருக்கிறார். முதல் முதலாக ஜெயிக்கிற பாக்கியம் தன்னிடமா கிடைக்க வேண்டும்! அவள் யாரையும் பார்க்கவில்லை. ராக்காயி காதோரம் வந்து, "நாலு வார்த்தை குறைச்சுப் பேசியிருக்கலாம்டி" என்றாள்.

"தெரியும். நீ வேற குத்தாதே."

அப்போதுதான் லூர்துசாமி வாத்தியார் தொண்டையைச் செருமினார். ஒரு விரலைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். "ஐயா, ஒரு நிமிஷம். நீங்க சொன்ன பக்கத்தைத்தான் பார்த்தேன். கொடி விழுந்தா அவுட்டுங்கிறது சரி. ஆனா எதிராளிகிட்ட ராஜா மட்டுந்தான் இருக்குன்னா, கொடி விழுந்தாலும் அது வெற்றி இல்லே. டிரா."

"யாருக்கு டிரா?"

"ரெண்டு பேருக்குந்தாங்கய்யா."

"இவளுக்கு டைம் போச்சு, லூர்து!"

"போச்சுங்க. ஆனா உங்ககிட்ட ஜெயிக்கக் காய் பத்தலைங்க."

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் டிரா வேண்டும் என்று கேட்ட மனிதர் இப்போது டிராவை எச்சில் இலையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எனக்கு டிரா வேணாம். நான் ஜெயிச்சேன். ரூலை ஒழுங்காப் படி!"

ஐயாவு காதில் கையை வைத்துக்கொண்டு, "வாத்தியாரே, காய் பத்தலேன்னா என்ன அர்த்தம்? எங்களுக்கும் சொல்லுங்க" என்றார்.

லூர்துசாமி பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழகின மனிதர். கேள்வி வந்ததும் பயம் போய்விட்டது. "அதாவது ஐயாவு, இந்தம்மா இப்ப எழுந்து வீட்டுக்குப் போயி, சோறாக்கிச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்தாலும், கிராணி ஐயாவால ஜெயிக்க முடியாது. இந்தம்மா கண்ணை மூடிக்கிட்டு ஆடினாலும் முடியாது. வேணும்னே தோக்கப் பார்த்தாலும் முடியாது. தனி ராஜாவை வச்சுச் செக் சொல்லவே வழி கிடையாது. அதனாலதான் நேரம் போனவங்களுக்கும் தோல்வி இல்லேன்னு எழுதியிருக்காங்க."

"வேணும்னே தோத்தாலும் ஜெயிக்க முடியாதா?" என்றார் ஐயாவு. "அட, அவ்வளவு மட்டமா?"

ஹாலில் சிரிப்பு கிளம்பியது. முதலில் இருமல் மாதிரி, பிறகு மறைக்காமல். தோட்டத்தில் இந்த மனிதருக்கு எதிரில் சிரிக்காதவர்கள், நகரத்துக்கு வந்தும் சிரிக்காதவர்கள், இப்போது ஒருத்தர் தொடையில் ஒருத்தர் தட்டிச் சிரித்தார்கள்.

"முடியாதுன்னு யார் சொன்னா? காட்டுறேன்!" பெரியநாயகம் பலகைக்கு முன்னால் குனிந்தார்.

"காட்டுங்கய்யா" என்றாள் வீரம்மா. குரல் திரும்பி வந்துவிட்டது. "என் ராஜாவை உங்களுக்கு எங்க வேணுமோ அங்க வச்சுக்குங்க. ராணியையும் கோட்டையையும் நான் எடுத்துடவா? இடைஞ்சலா இருக்கும்."

அவர் அவள் ராஜாவை மூலையில் வைத்தார். தன் ராஜாவை ஒட்டிப் பக்கத்தில் வைத்தார்.

"அவ்வளவு பக்கத்துல போகக் கூடாதுங்க" என்றார் லூர்துசாமி.

ஒரு கட்டம் தள்ளி வைத்தார். அங்கிருந்து செக் இல்லை. குறுக்கே வைத்தார். இல்லை. மறு மூலைக்குக் கொண்டுபோனார். அங்கேயும் இல்லை.

"வெளியில கார்ல உக்கார வச்சுப் பாருங்கய்யா" என்றாள் ராக்காயி.

"மலைக்காட்டுல வச்சுப் பாருங்க" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. யார் என்று கிராணி நிமிர்ந்து பார்த்தார். எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்தது.

டை கழுத்தை இறுக்கியது போலிருக்கிறது. விரலை விட்டுத் தளர்த்திக்கொண்டார். ராஜாவைப் பலகையில் போட்டார். அது உருண்டு நின்றது.

"போதும்" என்றார்.

ஐயாவு முன்னால் சாய்ந்தார். "என்னங்கய்யா சொன்னீங்க? காது கேட்கலே."

"போதும்னேன்! சரிசமம்!"

அந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து கேட்கிற நாள் வரும் என்று யாரும் நினைத்ததில்லை. வீரம்மா தலையை ஆட்டினாள். "சரிங்கய்யா. நீங்க இவ்வளவு கெஞ்சிக் கேக்குறீங்க."

ஆனாலும் டிரா டிராதான். மன்றத்து வழக்கப்படி கப்பு பெரியநாயகத்துக்கு; லூமுட்டும் அவருக்கு. லூர்துசாமி அதை அறிவித்தபோது ஒரு கைகூடத் தட்டவில்லை. வீரம்மாவுக்கு நெஞ்சு எரிந்தது. செக்மேட் கையில் இருந்தது. கிழட்டு நாயைத் துரத்தப் போய்ப் பஸ்ஸை விட்டவள் மாதிரி ஆயிற்று அவள் கதை. லூமுட்டில் இந்த ஆள் போய் உட்கார்ந்து, எவனோ ஒரு கடற்படைப் பையன் முன்னால் "காய் பத்தலே, டிரா" என்று சொல்லப்போகிறார். அவன் சிரிக்கப்போகிறான். இதைத்தான் தடுக்க நினைத்தாள்.

காய்களைப் பெட்டியில் போடத் தொடங்கினாள்.

பெரியநாயகம் டையைச் சரிசெய்துகொண்டார். முகத்தையும் பழையபடி வைத்துக்கொண்டார், அதில் கெட்டிக்காரர். கப்பை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். எதிர்த்து ஆடினவள் தூக்க வேண்டும். வீரம்மா கப்பைப் பார்த்தாள், பிறகு பெட்டியைப் பார்த்தாள். ஒரு சிப்பாயை எடுத்துப் போட்டாள்.

அவர் அவளோடு மல்லுக்கட்ட விரும்பவில்லை. குரலை உயர்த்தினார். "மாயாண்டி!"

"ஐயா" என்று அவன் வாய் சொல்லிவிட்டது.

"கப்பைக் கார்ல வையி."

மாயாண்டி சுவரை விட்டு நகர்ந்து வந்தான். வீரம்மா நிமிரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவன் கிராணிக்குப் பயந்து செய்வான், இல்லாவிட்டால் பெண்டாட்டிக்குப் பயந்து செய்யாமல் இருப்பான். இரண்டும் அவளுக்கு வேண்டாம். எந்தப் பக்கம் வளைகிறதோ அது அவனாக வளையட்டும். அவள் கையில் ஒரு குதிரை வெகுநேரம் இருந்தது.

மாயாண்டி மேசைக்கு வந்தான். கப்பின் இரண்டு காதையும் பிடித்தான். தூக்கினான்.

தூக்கி, பலகைக்கு இடைஞ்சல் இல்லாமல் கீழே தரையில் வைத்தான். வீரம்மாவின் நாற்காலிக்கு எதிரில், கிராணியின் நாற்காலி இருந்த பக்கமாக நின்றுகொண்டு, பெட்டியிலிருந்து காய்களைத் திரும்ப எடுத்தான்.

"ஐயா, உக்காருங்க. போன வாரம் நம்ம ஆட்டம் முடியலைங்களே."

"என்ன முடியலே? சரிசமம்னு நீதானே சொன்னே?"

"வாய்தாங்கய்யா சொல்லுச்சு. கோட்டை ஒண்ணும் சொல்லலே." அவன் கோட்டையை அதன் கட்டத்தில் வைத்தான். கிராணியின் முகத்தைப் பார்க்கவில்லை, பலகையையே பார்த்தான். "இங்க உங்க ராஜா. இங்க என் கோட்டை. கப்பு உங்களுக்கே இருக்கட்டும். சும்மா ஆடுவோம். கடிகாரம்கூட வேணாம்."

"எனக்கு நேரமாச்சு" என்றார் பெரியநாயகம்.

"ஐயாவுக்கு டைம் போச்சுடோய்" என்றார் ஐயாவு. "அடுத்த வாரம் வாங்க கிராணி ஐயா, எனக்கும் ஒரு பழைய ஆட்டம் பாக்கி கிடக்கு. கல்மலை ஆபீஸ்ல, குதிரையும் ரெண்டு சிப்பாயும் வச்சிருந்தேன்."

"எனக்கு ராணியே இருந்துச்சு" என்றார் இன்னொருவர்.

பெரியநாயகம் குனிந்தார். டை முன்னால் தொங்கி மறைத்தது. அதைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, கப்பைத் தானே தூக்கினார். பார்த்ததைவிடக் கனம் போலிருக்கிறது. கடிகாரப் பெட்டியை அக்குளில் இடுக்கி, கப்பைப் பிள்ளையைப் போல் இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனார். கார்க் கதவைத் திறக்கக் கை இல்லாமல் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். ஒருவரும் எழவில்லை.

மாயாண்டி இன்னும் காய்களை வைத்துக்கொண்டிருந்தான். கிராணி போய்விட்டது அவனுக்குத் தெரியவே இல்லை போல. கடைசிச் சிப்பாயை ஒரு கட்டத்தில் வைத்துவிட்டு, சரியா என்று யோசித்தான்.

வீரம்மா கையை நீட்டி அந்தச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளினாள்.

"அங்க இல்லே. இங்க இருந்துச்சு" என்றாள். "நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். உக்காருங்க, அந்தாளு ராஜாவை நான் ஆடுறேன். எத்தனை நகர்த்தல்ல செக்மேட் வைக்கிறீங்கன்னு பார்ப்போம்."